எட்டு வெள்ளி (ரிங்கிட்) தபால் செலவு நியாயமா?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் நம் முகநூல் குழுக்களில் தவறாமல் எழும் புகார் ஒன்று உண்டு: “பன்னிரண்டு வெள்ளி சாமானுக்கு எட்டு வெள்ளி தபால் செலவா? பகல் கொள்ளை!” இணையத்தில் விற்பவர்கள் பொருளில் கிடைக்காத லாபத்தைத் தபால் செலவில் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணம் மலேசியாவின் பினாங்கில் என்னைச் சுற்றியுள்ள பலரிடம் வேரூன்றியிருக்கிறது. சிலரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்தபடி விற்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் தபால் செலவைக் குறைத்து வாங்கிக் கைப்பணத்தைப் போடுகிறார்கள் என்பதே நான் பார்த்தவரையில் தெரிவது. அநியாயம் நடக்கும் இடம் வேறு. நாம் கோபப்படும் இடம் வேறு.

பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே பித்தளை விளக்குகளும் பூசைச் சாமான்களும் விற்கும் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு விழாக்காலத்தில் பேக்கிங் வேலையில் கைகொடுப்பது என் வழக்கம். ஒரு குத்துவிளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பபிள் ராப் சுற்றி, பெட்டிக்குள் அசையாதபடி இடுக்குகளில் பழைய நாளிதழைத் திணித்து, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டை அச்சிட்டு ஒட்டி முடிப்பதற்குள் நேரம் போவதே தெரியாது. பெட்டிக்கும் பபிள் ராப்புக்கும் டேப்புக்கும் ஆகும் காசு எப்படியோ கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த நேரம் ஏறுவதில்லை. பிறகு பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கூரியர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். “கூரியர் சீட்டில் ஏழு வெள்ளி என்றுதானே இருக்கிறது, என்னிடம் ஏன் பத்து வாங்கினாய் அக்கா?” என்று கேட்பவர், அதே விளக்கை வாங்கத் தீவிலுள்ள ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தால் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றியிருப்பதையும், பாலத்தைக் கடக்கச் செலவழித்திருப்பதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த மூன்று வெள்ளி கூலி. அதைக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. எல்லாவற்றையும் ‘போஸ்டேஜ்’ என்று ஒரே வரியில் அடக்காமல், தபால் ஏழு, பேக்கிங் மூன்று என்று பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும் என்பதை அந்த உறவுக்காரப் பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன்.

வாங்குபவர்கள் பலரும் அறியாத இன்னொன்று, கூரியர் நிறுவனங்கள் எடையைக் கணக்கிடும் முறை. தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை வைத்துப் போடும் எடை மற்றொன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆலும் சில நிறுவனங்களில் 6000ஆலும் வகுத்தால் வருவது இந்த இரண்டாம் எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். வாசலில் கட்டும் பிளாஸ்டிக் பூத்தோரணங்களை 40க்கு 30க்கு 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்து அனுப்பினால், பெருக்குத்தொகை 30,000. 5000ஆல் வகுத்தால் ஆறு கிலோ. தராசில் வைத்தால் அது ஒன்றரைக் கிலோகூட இருக்காது. அதே நேரத்தில், சிறிய பெட்டியில் அடங்கிவிடும் மூன்று கிலோ பித்தளை விளக்குக்கு மூன்று கிலோவுக்கான கட்டணம் மட்டுமே. பஞ்சு போன்ற தோரணத்துக்கு இரும்பு போன்ற விளக்கைவிடத் தபால் செலவு கூடுவது வாங்குபவருக்கு ஏமாற்றாகத் தெரிவதில் வியப்பில்லை; விற்பவர்களிலேயே பலருக்கு இது முதல் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. தோரணத்தைச் சிறிய பெட்டியில் அழுத்தி மடித்து அனுப்பத் தெரிந்தவர் வாடிக்கையாளருக்கு நல்லது செய்கிறார்; கையில் கிடைத்த பெரிய பெட்டியில் போட்டு அனுப்புகிறவர், தம் சோம்பலுக்கு நம்மைப் பணம் கட்ட வைக்கிறார்.

இனி, ‘இலவசத் தபால்’. எனக்கு உண்மையான மனக்குறை இங்கேதான். முதலில் அதற்கு நேரெதிரான ஒரு பழைய உத்தியைப் பார்ப்போம். தன்ஜிம் ஹுசைன், ஜான் மோர்கன் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஈபே இணையதள ஏலத்தில் இசைத்தட்டுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் விற்றுப் பார்த்தார்கள். ஒரு வகையில் தொடக்க விலை 4 டாலர், தபால் இலவசம். மறு வகையில் தொடக்க விலை வெறும் ஒரு சென்ட், தபால் 3 டாலர் 99 சென்ட். கூட்டினால் இரண்டும் ஒன்றே. இருந்தும் இரண்டாம் வகையில்தான் அவர்களுக்குச் சராசரியாகக் கூடுதல் வருவாய் வந்தது. ஏலம் கேட்டவர்களின் கண் பொருளின் விலையில் இருந்த அளவுக்குத் தபால் செலவில் இருக்கவில்லை. அந்நாளில் ஈபே பொருளின் விலைக்கு மட்டுமே தரகு வாங்கியதால், விலையைக் குறைத்துத் தபால் செலவை உயர்த்துவது விற்பவருக்கு இரட்டை லாபமாக இருந்தது. 2011இல் அமெரிக்காவில் ஈபே தபால் செலவுக்கும் சேர்த்துத் தரகு போடத் தொடங்கியது.

இன்று நம் ஷாப்பி, லசாடா இணையச் சந்தைகளில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. தபால் இலவசம் என்று போட்டால்தான் வாங்குகிறோம் என்பதால், பல விற்பனையாளர்கள் அந்தச் செலவைப் பொருளின் விலைக்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். தளம் தரும் இலவசத் தபால் வவுச்சரும் வானத்திலிருந்து விழுவதில்லை; அத்தகைய திட்டங்களில் சேரும் விற்பனையாளரிடம் அதற்கென்று கட்டணம் பிடிக்கப்படுவது உண்டு, அதுவும் கடைசியில் விலைக்குள்தான் ஒளிந்துகொள்கிறது. ஒரு பொருள் வாங்குபவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. மூன்று வாங்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது: ஒவ்வொன்றின் விலைக்குள்ளும் ஒரு தபால் செலவு இருக்கிறது, ஆனால் மூன்றும் ஒரே பெட்டியில், ஒரே சீட்டோடு வருகின்றன.

வெளிப்படையாகவே இதைச் செய்பவர்களும் உண்டு. முகநூல் நேரலையில் விற்கும் ஒரு கடையில் மூன்று பாக்கெட் மசாலாத் தூள் கேட்டேன். ஒரு பாக்கெட்டுக்கு எட்டு வெள்ளி என்று இருபத்து நான்கு வெள்ளி தபால் செலவு போட்டிருந்தார்கள். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. ஒன்றாக அனுப்பலாமே என்று கேட்டதற்கு, “எல்லாருக்கும் இதுதான் ரேட்” என்று பதில் வந்தது. மலேசியத் தீபகற்பத்துக்குள் கூரியர் கட்டணத்தில் முதல் கிலோவுக்குத்தான் பெரும் தொகை போகிறது. அதற்கு மேல் கூடும் எடைக்கு ஏறுவது பொதுவாக அதைவிடக் குறைவு. ஒரு பெட்டிக்கு எட்டு வெள்ளி கேட்பவரோடு எனக்குச் சண்டையில்லை. அதே பெட்டிக்கு மூன்று முறை எட்டு வெள்ளி கேட்பதைத்தான் நான் கொள்ளை என்பேன்.

போர்னியோ தீவின் கூச்சிங்கிலும் கோத்தா கினபாலுவிலும் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், எட்டு வெள்ளிக்கே அழுகிறீர்களா என்று சிரிப்பார்கள். கடல் கடந்து விமானத்தில் போகும் பார்சலுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம் கடுமையாக ஏறுகிறது. அதற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே விலையில் கரைத்து, நம்மிடம் ஓரிரு வெள்ளி கூட வாங்கி அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. எனக்கு அதில் மறுப்பில்லை.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012இல் வகுக்கப்பட்ட மின்வணிக விதிமுறைகளே, போக்குவரத்துச் செலவும் வரியும் உட்பட முழு விலையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று கூறிவிட்டன. “விலைக்கு பிஎம் பண்ணுங்க” (தனிச்செய்தி அனுப்புங்க) என்று எழுதும் நம் முகநூல் வணிகர்கள் இதைச் சற்று நினைவில் கொள்வது நல்லது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பதும் உண்மை. ஆனால் எட்டு வெள்ளி தபால் செலவுக்காக யார் ஐந்து வெள்ளி கட்டி, லீவு போட்டு, விசாரணைக்குப் போய் நிற்பார்? வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அது போக்குவரத்துச் செலவைச் சேர்க்காத விலைக்கே போடப்படுகிறது. பொருளின் விலையைக் குறைத்துத் தபால் செலவை ஊதிக் காட்டும் பழைய ஈபே ஆசை இங்கே மீண்டும் தலைதூக்க இடமிருக்கிறது என்பதால், விலை மலிவாகவும் தபால் செலவு விசித்திரமாகவும் இருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறேன்.

கடைசியாக, திருப்பி அனுப்பும்போது வரும் தகராறு. கேட்ட நிறம் ஒன்று, வந்த நிறம் வேறு என்றால் போகவர இரு வழிச் செலவும் விற்பவருடையது. புடவை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டிப் பார்த்தபின் மனம் மாறிவிட்டது என்றால் இரு வழிச் செலவும் வாங்கியவருடையது. இதில் நம்மவர்கள் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்து விற்பவர்களுக்காக நான் வருந்தியதுண்டு. பேக்கிங் கூலியைத் தனியாக வாங்கிய பிறகு விளக்கின் தண்டு வளைந்து வந்து சேர்ந்தால், கூரியர்காரர்மேல் பழிபோட்டு ஒதுங்கும் விற்பனையாளரிடம் அந்த மூன்று வெள்ளியையும் திருப்பிக் கேட்பேன். வளையாமல் வர வேண்டும் என்பதற்குத்தானே அதைக் கொடுத்தேன்.