தலைசுற்றல் டிசென்ட்டின் குறை அல்ல
சுரங்கங்களுக்குள் கப்பலை எல்லாத் திசையிலும் பறக்கவிட்டு ரோபோக்களைச் சுடும் பழைய கணினி விளையாட்டு டிசென்ட். 'அது மறக்கப்பட்டதற்குத் தலைசுற்றல்தான் காரணம்' என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. முன்-பின் மட்டும் ஓட்டி, மவுஸால் திரும்பிக்கொண்டே இருந்தால் யாருக்கும் சுற்றத்தான் செய்யும். பக்கவாட்டு நகர்வு, மேல்-கீழ் நகர்வு, உருளல் மூன்றுக்கும் இடக்கை விரல் எட்டும் கீகளை ஒதுக்குங்கள். கப்பல் தானாக நேராகும் வசதியை முதல் சில சுரங்கங்கள் வரை அணைக்க வேண்டாம். பழகியபின் முன், பக்கம், மேல் மூன்றையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். மூன்று அச்சின் வேகமும் கூடி, சாய்வாக ஏறக்குறைய 1.73 மடங்கு வேகத்தில் பாயலாம். சுரங்கத்தை அழிக்க நீங்கள் சுடும் ரியாக்டர் வெடித்ததும், தப்பிக்கக் கவுண்ட்டவுன் ஓடும்போது உயிர்காப்பது இதுதான். (வெளியேறும் கதவு எங்கே என்று டேப் கீயில் வரும் முப்பரிமாண வரைபடத்தில் பார்க்காமல் ரியாக்டரைச் சுடுபவர்களுக்கு இதுவும் உதவாது!) சுரங்கத்தில் மீட்கும் பிணைக்கைதிகளை ஏற்றிக்கொண்டு செத்தால் அவர்களும் போய்விடுவார்கள், ஆனால் கீழே விழுந்த ஆயுதங்களை அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பொறுக்கலாம். 'டிசென்ட் வெறும் டூம் நகல்' என்பவர்களுக்கு: 1993இன் சுடும் விளையாட்டான டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்கவே முடியாது, எதிரிகள் தட்டைப் படங்கள். 1995இல் வந்த டிசென்ட்டின் ரோபோக்கள் முழு பாலிகன் (பல முகங்களால் ஆன முப்பரிமாண உருவங்கள்), சுரங்கமோ ஆறு முகக் கட்டங்களை எந்தத் திசையிலும் ஒட்டிச் செய்தது. இன்று ஆட, இன்றைய கணினிகளில் டிசென்ட்டை ஓட்டும் டிஎக்ஸ்எக்ஸ்-ரீபர்த் (DXX-Rebirth) என்ற மென்பொருள் போதும், பழைய விளையாட்டின் தரவுக் கோப்புகளான ஹாக் (.hog), பிக் (.pig) இரண்டையும் அதன் டேட்டா ஃபோல்டரில் போட மறக்காதீர்கள்.