கேட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை சித்தி பையன், எனக்குத் தம்பி முறை, எங்கள் சொந்தம் மொத்தத்தையும் குடும்ப மரமாகப் போட்டு, குடும்பக் குழுவில் லிங்க் கொடுத்தான். அதற்கப்புறம் அங்கே நடந்த கூத்தை மறுபடி சொல்லப் போவதில்லை. அந்த லிங்கைத் திறந்தவர்களுக்குத் தெரியும். திறக்காத புண்ணியவான்கள் அப்படியே இருங்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். "அக்கா, எதுக்கு இவ்வளவு டென்ஷன், நல்ல விஷயம்தானே பண்ணியிருக்கான்" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் முடியவில்லை.

நல்ல விஷயம்தான். நூற்று நாற்பது பேர், ஐந்து தலைமுறை, ஆளுக்கொரு பெட்டி, அதில் படம், பிறந்த தேதி, இப்போது இருக்கும் ஊர், யார் யாரைக் கட்டினார்கள் என்பது. தம்பி தூக்கம் கெட்டுச் செய்திருக்கிறான், உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நூற்று நாற்பதில் தொண்ணூறு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். அதில் ஒருத்தரையாவது கேட்டாயா தம்பி?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கோத்தகிரியில் நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பேரனுடைய போனைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நேர்க்கோடு. அவர் பெட்டிக்கு மட்டும் புள்ளிக்கோடு. கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு தடவை துடைத்தார், ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதுபோல. "ஏம்மா, எனக்கு மட்டும் கோடு ஏன் விட்டு விட்டு இருக்கு?" என்றார். பிளஸ் டூ படிக்கும் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கோடு எதற்கு என்பதை அவன் படித்துவிட்டான். "நெட் சரியில்ல பெரியப்பா, முழுசா வரல" என்றேன். "சரிம்மா" என்று போனை வேட்டியில் துடைத்து அவனிடம் கொடுத்தார். அவர் நம்பவில்லை.

அந்தக் கோடு எதற்கு என்று இங்கே சொல்லமாட்டேன். இதை எழுதுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்தேன். "பேரு போடாத, கோடு எதுக்குன்னு போடாத, மத்தபடி எழுதிக்க" என்றார். மொத்தம் நாலு நிமிஷம். கேட்பது அவ்வளவுதான் வேலை.

"லிங்க் வச்சிருக்கறவங்க மட்டும்தான் பாக்க முடியும்" என்று தம்பி விளக்கம் கொடுத்திருக்கிறான். அடடா. ஞாயிறு ராத்திரிக்குள் அந்த லிங்க் மூன்று குழு தாண்டிவிட்டது. அதில் ஒன்றில் கல்யாணத் தரகர் இருக்கிறார்.

உடனே கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அதுல மூணு தலைமுறை பேர் போடறோமே?" போடுகிறோம், பேர் விட்டுப்போனால் சண்டையும் போடுகிறோம். ஆனால் எந்தப் பத்திரிகையிலாவது அத்தையின் பிறந்த தேதி இருக்கிறதா? பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்பவன் கேட்பதே பிறந்த தேதியும் அம்மா பேரும்தான். நாம் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம், படத்தோடு. சொந்தத்தில் ஒருத்தி எந்த ஊரில் இருக்கிறாள் என்பது சிலருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் பெட்டியில் ஊர் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் பயந்தாங்கொள்ளியாம். சரி. 2023-ல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணு நிறுவனத்தில் நடந்ததைத் தேடிப் பாருங்கள். திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டை இங்கேயும் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் சொந்தக்காரர்களைக் காட்டும் 'உறவினர்' வசதி வழியாகப் போன விவரம் சுமார் 69 லட்சம் பேருடையது. ஒரு சொந்தக்காரர் கதவைத் திறந்து வைத்தால் போதும். குடும்ப மரம் போடும் ஃபேமிலிசர்ச் தளம் உயிரோடு இருப்பவர்களைப் பொதுவில் காட்டுவதே இல்லை. இறந்த விவரம் இல்லையென்றால், பிறந்து 110 வருஷம் ஆகும்வரை உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. முன்பின் தெரியாத கம்ப்யூட்டர் காட்டும் மரியாதை அது.

"சட்டப்படி தப்பில்ல" என்கிறார் மாப்பிள்ளை ஒருவர். உண்மைதான், 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு கொடுக்கிறது. நான் என்ன கேஸா போடப் போகிறேன்? வீட்டுக்குள் நுழைகிறபோது செருப்பைக் கழற்றுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஒரு கேள்வி மட்டும் என்னை நிஜமாகவே உறுத்துகிறது. "நம்ம வரலாறு அழிஞ்சு போயிடும் அக்கா." அழிந்துதான் போகும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஓலையும் இல்லை, பத்திரமும் இல்லை. தாத்தாவின் பேர் இருந்தது தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகத்திலும் சிலோனில் எடுத்த பாஸ்போர்ட்டிலும். பாட்டி இருந்தவரை அவரிடம் கேட்டுக் கேட்டு, சிலோனில் அட்டன் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் எந்த வீடு என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மரத்தில் பாதிப் பேர் அந்த நோட்டிலிருந்துதான் போனது, அதை யாரும் சொல்லவில்லை, பரவாயில்லை. இறந்தவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் போடு, நானே தருகிறேன். (தாத்தாவும் பாட்டியும் அத்தை மகன், மாமன் மகள். அந்த மென்பொருளுக்கு இது பிடிபடாமல் ஒரே எள்ளுத்தாத்தாவை இரண்டு பெட்டியில் உட்கார வைத்திருக்கிறது. பாட்டி பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.)

ஆனால் வரலாறு என்று பேச வந்தால் முழுசாகப் பேசுவோம். 1964-ல் சிலோன் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும், அங்கே இருந்த இந்திய வம்சாவளி ஆட்களை யார் எடுத்துக்கொள்வது என்று கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தப் பக்கம், 3,00,000 பேர் அந்தப் பக்கம். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், அரிசி மூட்டை மாதிரி. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பெரியப்பாவுக்குப் பத்து வயசு. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்தக் குளிரில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டம். எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சிலோன்காரி' என்று கூப்பிட்டவர்களும் கேட்டுவிட்டுக் கூப்பிடவில்லை. எங்களைக் கட்டம் போட்டு அடைத்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என்னிடம் இன்னொன்றும் கேட்டார். "இதைப் பாத்துட்டு ஆபீசுல இருந்து யாரும் வருவாங்களாம்மா?" இத்தனை வருஷம் கொழுந்து மூட்டை தூக்கிய மனுஷன். ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாம் வைத்திருக்கிறார். அவர் இப்படிக் கேட்கிறார். இதற்கு என்ன ஸ்மைலி போடுவீர்கள்?

தம்பி, நீ இதைப் படிப்பாய். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. சித்தி போன் செய்து அழுதார், பையன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். பெரியப்பா சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. முதலில் நீ கோத்தகிரி வந்து அவரைப் பார். மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர்கள் பெட்டியை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொருவராகப் போன் செய்து கேள். சரி என்பவர்களைப் போடு.

என்னுடையதில் பிறந்த வருஷத்தை இரண்டு வருஷம் முன்னால் போட்டு வயசைக் கூட்டியிருக்கிறாய். திருத்த வேண்டாம். எடுத்துவிடு.