தோத்தாங்கோளியாம்ல!

நேத்து ஒருத்தர் போட்ட அந்த மீம எல்லாரும் பாத்திருப்பீங்க, பாதிப் பேரு சிரிப்பு எமோஜி வேற போட்டு வச்சிருக்கீங்க. பேர் சொல்ல விரும்பல. கனடால எங்க ஊரு ஐஸ் ஹாக்கி டீம் கால்கரி ஃப்ளேம்ஸ் தோத்தாங்கோளி டீமாம். கண்டுக்காம போயிடலாம்னுதான் பாத்தேன், முடியல.

2024-25 NHL சீசன்ல 82 மேட்ச் ஆடி 96 பாயின்ட். லீக்க வெஸ்ட், ஈஸ்ட்னு ரெண்டா பிரிச்சிருக்காங்க, அதுல எங்க வெஸ்ட்ல கடைசி இடத்தப் புடிச்சு ப்ளேஆஃப் உள்ள போன செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் எவ்ளோ? அதே 96. அப்புறம் ஏன் அவங்க உள்ள, நாங்க வெளியன்னா, ஓவர்டைமுக்குப் போகாம 60 நிமிஷத்துல ஜெயிச்ச மேட்ச் யாருக்கு ஜாஸ்தின்னு பாப்பாங்க. அவங்களுக்கு 32, எங்களுக்கு 31. ஒண்ணு சார், ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கம் ஈஸ்ட்ல மான்ட்ரியால் 91 எடுத்துட்டு ஜம்முனு உள்ள போயிடுச்சு, அவங்கள யாரும் மீம் போடல. 96 எடுத்தவன்தான் தோத்தாங்கோளி. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

ஏப்ரல் 15 ராத்திரி நானும் பொண்ணும் எங்க டீமோட ஸ்டேடியம் சாடில்டோம்ல மேல் வரிசைல உக்காந்திருந்தோம், ஒரு கண்ணு ஐஸ்ல, ஒரு கண்ணு போன்ல. ப்ளூஸ் யூட்டாவ 6-1னு அடிச்சுது, எங்க சோலி முடிஞ்சுது. ஆனா நம்ம பசங்க விடலயே, வேகாஸ்கூட ஷூட்டவுட் வரைக்கும் இழுத்து 5-4னு ஜெயிச்சாங்க. "ஜெயிச்சுட்டோம்லப்பா, ஏன் எல்லார் மூஞ்சியும் இப்படி இருக்கு"ன்னு கேக்குறா. மிச்சமிருக்குற ஒரு மேட்ச ஜெயிச்சாலும் ரெண்டு டீமும் ஒரே மார்க்குதாம்மான்னு ஆரம்பிச்சேன், எனக்கே தொண்ட அடைச்சுது. இன்ஜினியரிங் கவுன்சலிங்ல ஒரே கட் ஆஃப் எடுத்தும் கணக்கு மார்க்குல பின்னாடி போயி, கண்ணு முன்னாடி சீட்ட விட்டவன் நான். எனக்குத் தெரியும் அந்த ஒண்ணோட வலி.

உடனே வருவீங்க, "ஓவர்டைம், ஷூட்டவுட்ல 14 மேட்ச் விட்டது யாரு, ப்ளூஸ் தொடர்ந்து 12 ஜெயிச்சாங்களே"ன்னு. சரி, ஜெயிச்சாங்க. கோல் அடிக்க நமக்கு ஆளு இல்ல, 35 கோல் அடிச்ச கத்ரிய விட்டா யாருன்னு கேட்டா நானும் முழிப்பேன். போதுமா? ஆனா 60 நிமிஷத்துல அவங்க தோத்தது 30, நாங்க 27. அத யாரும் சொல்ல மாட்டீங்க.

இன்னொரு அறிவாளி, "பேசாம எல்லாத்துலயும் தோத்திருந்தா டிராஃப்ட்ல நல்ல பையன் கிடைச்சிருப்பான்"றாரு. தோத்த டீமுக்கு முன்னாடி சான்ஸ் குடுத்து புதுப் பசங்கள எடுக்க விடுவாங்கள்ல, அதான் டிராஃப்ட். நல்ல பையனா? எங்க கோல்கீப்பர் டஸ்டின் வுல்ஃப் 2019 டிராஃப்ட்ல 214வது ஆளுங்க, கடைசி ரவுண்டு. பழைய கோல்கீப்பர் மார்க்ஸ்ட்ராம வித்துட்டு அந்தப் பையன் தலைல வலைய கட்டினாங்க, அவன்தான் சீசன் பூரா தாங்கினான். தோக்கணுமாம். டிக்கெட் காச நீங்களா குடுத்தீங்க?

அந்த சீசன் எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா? 2024 ஆகஸ்ட்ல எங்க பழைய ஸ்டார் ஜானி காட்ரோவும் அவர் தம்பியும் சைக்கிள்ல போகும்போது கார் மோதி செத்துப் போனாங்க. அவர் நம்மள விட்டுட்டு வேற டீமுக்குப் போன கோவம் எனக்கு ரெண்டு வருஷமா இருந்துச்சு, சாடில்டோம் படிக்கட்டுல பூவும் அவருக்குப் புடிச்ச ஊதா கலர் கேட்டரேடு பாட்டிலும் ஸ்கிட்டில்ஸ் பாக்கெட்டும் குவிஞ்சு கிடந்தத பாத்ததும் அது எங்க போச்சுன்னே தெரியல. அவரோட 13ம் நம்பர் ஜெர்சி போட்ட ஒரு பெரியவர் அங்கயே உக்காந்து அழுதாரு. அந்த ஊர் டீமத்தான் தோத்தாங்கோளின்றீங்க.

கார் ஜன்னல்ல மாட்டின கொடிய இன்னும் கழட்டல. அதுக்கும் ஒரு மீம் போட்டுக்கோங்க.