எந்த யுரேனியம் என்று கேளுங்கள்

தொழிலாளர்கள் யுரேனியத் தூசியைச் சுவாசித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் ஒரு தரப்பு உடனே புற்றுநோய் என்று பீதியைக் கிளப்புகிறது. மறு தரப்பு, சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லி வாயை அடைக்கிறது. எந்தச் சேர்மம் என்று இரு தரப்பும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

சுவாசித்த யுரேனியம் எந்த உறுப்பைத் தாக்கும் என்பது, நுரையீரலில் அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைப் பொறுத்தது. பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் இதை வைத்தே சேர்மங்களை வேகம், மிதம், மந்தம் என்று பிரித்திருக்கிறது.

யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வேக வகை. காற்றின் ஈரம் பட்டதுமே யுரேனைல் ஃபுளோரைடாகவும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாகவும் மாறிவிடும். 1986 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கோர் என்ற ஊருக்கு அருகே ஓர் ஆலையில், அளவுக்கு மீறி நிரப்பிய உருளையைச் சூடேற்றியபோது அது வெடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார். அவர் உயிரைப் பறித்தது கதிரியக்கமன்று, நுரையீரலை அரித்த ஹைட்ரஜன் ஃபுளோரைடு.

வேக வகையிலிருந்து கரைந்த யுரேனியம் ரத்தத்தில் பைகார்பனேட்டோடு பிணைந்து சுற்றுகிறது. சிறுநீரக நுண்குழாய்களில் அமிலத்தன்மை கூடும்போது பிணைப்பு தளர்ந்து, விடுபட்ட யுரேனைல் அயனி (யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த மின்னூட்டத் துகள்) குழாய்ச் சுவரின் செல்களைப் பற்றிக்கொள்கிறது. ரத்தத்தில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரகத்திலும் எலும்பிலும் தங்கும். இங்கே முதலில் அஞ்ச வேண்டியது கன உலோக நஞ்சுக்கு. இயற்கை யுரேனியத்தின் பெரும்பகுதியான யுரேனியம்-238இன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். அதன் கதிரியக்கம் அவ்வளவு மெதுவானது. (செறிவூட்டிய யுரேனியத்தில், வேகமாகச் சிதையும் யுரேனியம்-234இன் பங்கு கூடுவதால் கதிரியக்கமும் கூடும்.)

அணு உலை எரிபொருளான யுரேனியம் டை ஆக்சைடு மந்த வகை. சில மைக்ரான் அளவுள்ள துகள் நுரையீரலின் காற்றறைகளில் படிந்துவிட்டால், அதை விழுங்க வரும் பாதுகாப்புச் செல்லாலும் எளிதில் கரைக்க முடிவதில்லை. ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கொஞ்சம் மார்பின் நிணநீர் முடிச்சுகளுக்கு நகரும். தோலின் இறந்த மேலடுக்கைக்கூடத் தாண்ட முடியாத, யுரேனியம் உமிழும் ஆல்ஃபா கதிர்த் துகள், உள்ளே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் தன் ஆற்றல் முழுவதையும் உயிருள்ள செல்களில் இறக்கிவிடுகிறது.

ரத்தத்துக்கே சொற்பமாக வரும் பொருள் சிறுநீரில் எப்படித் தாராளமாகத் தென்படும்? மந்த வகையைச் சுவாசித்தவரிடம் ஒரே ஒரு சிறுநீர் மாதிரியைக் காட்டி ஆபத்தில்லை என்று சொல்வது பொறுப்பற்ற செயல். மலப் பரிசோதனையும் மார்புக் கதிரியக்க அளவீடும் தேவைப்படலாம். தொழிலாளியின் கையில் கொடுக்கும் அறிக்கையில் சேர்மத்தின் பெயர், துகளின் அளவு, சுவாசித்து எத்தனை மணி நேரத்துக்குப் பின் மாதிரி எடுத்தார்கள் என்ற விவரம், மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.