வேலிக் காஞ்சோண்டி வேறு, மலைக் காஞ்சோண்டி வேறு

காஞ்சோண்டி எண்டால் தொட்டவுடன் சுணைத்து எரியும் செடி. “நுவரெலியாக் காஞ்சோண்டிதான் யாழ்ப்பாணத்து வேலியிலும் படருது, பச்சை இலையால முழங்காலில அடிச்சா வாதம் போகும்” என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறியள். தயவுசெய்து திருத்துங்கோ.

எங்கட வேலியில் சுற்றிப் படருவது ஆமணக்குக் குடும்பக் கொடி. காய் மூன்று கதுப்பாக, மயிர் மூடி இருக்கும். மயிருக்குள் இருப்பது கல்சியம் ஒக்சலேற்று என்ற உப்பின் கூரிய ஊசி. நாட்டு வைத்தியத்தில் இதன் வேரும் மருந்து. நுவரெலியாவின் மலைக் காஞ்சோண்டி நிமிர்ந்து ஆளுயரம் வளரும் வேறு குடும்பச் செடி. அதன் மயிர் நுனி தொட்டவுடன் கண்ணாடிபோல் முறிந்து, எரிவும் வீக்கமும் தரும் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைத் தோலுக்குள் இறக்கும்.

அடித்தால் எரிவு மூட்டுநோவைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குக் கொப்புளம் போட்டதே தெரியாது, புண்ணாகிவிடும். அவர்களுக்கு இதைச் சொல்லவே கூடாது.

பட்டால் தேய்க்காதீங்கோ, மயிர் இன்னும் ஆழமாய் ஏறும். செலோரேப்பை அழுத்தி ஒரே இழுப்பில் உரியுங்கோ. இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் புதுத் துண்டு. பிறகு சவர்க்காரமும் தண்ணீரும். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

நேபாளத்தில் மலைச்செடியின் இளந்தளிரை இடுக்கியால் பறித்து அவித்து உண்கிறார்கள். கொதியில் சுணை செத்துவிடும். வேலிக் கொடியை அதுபோல் கறியாக்க வேண்டாம்.