ட்ரம்ஸ் இல்லாதது காசில்லாததால் அல்ல

அமெரிக்க கன்ட்ரி (கிராமிய இசை) பாடகர் வேய்ன் ஹான்காக்கைப் பற்றி, "அவர் சின்ன ரெக்கார்டு கம்பெனி ஆள், ட்ரம்மருக்குக் காசு இல்லை, அதனால்தான் பாட்டில் ட்ரம்ஸ் இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சின்ன கம்பெனி என்பது சரி. ட்ரம்ஸ் பெரும்பாலும் இருக்காது, அதுவும் சரி. காரணம்தான் தப்பு.

டெக்சாஸ்காரரான ஹான்காக் பிடித்துக்கொண்டிருப்பது 1953 புத்தாண்டு அன்று இறந்த கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் ஒலியை. அந்த ரெக்கார்டுகளிலும், ஒன்றிரண்டைத் தவிர, ட்ரம்ஸ் கிடையாது. கன்ட்ரி இசைக்குப் பேர்போன, நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையும் ட்ரம்ஸை நீண்டகாலம் ஒதுக்கியே வைத்திருந்தது. (பாப் வில்ஸ் மாதிரி, ஜாஸ் கலந்து வாசிக்கும் ஸ்விங் கோஷ்டிகளில் ட்ரம்ஸ் உண்டு, அது வேறு கிளை.)

அப்புறம் தாளம் எங்கிருந்து வருகிறது? நிறுத்தி வைத்து வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸிலிருந்து. கம்பியை இழுத்து விட்டால் அது விரல்பலகையில் மோதி 'டொக்' என்னும். உடனே உள்ளங்கையால் பலகையோடு ஓர் அறை, 'டிக்'. அந்த 'டிக்'தான் ட்ரம் செட்டில் 'சட்'டென்று ஒலிக்கும் ஸ்னேர் ட்ரம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. இந்த அடியை விடிய விடிய ஒரே வேகத்தில் வாசிக்கிற ஆளைப் பிடிப்பது ஒன்றும் மலிவான காரியமில்லை.

இன்னொன்று, பழைய ஒலி என்றால் மின்சாரமே ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். ஹான்காக் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடாரும், கம்பிமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிடாரும் உண்டு. 1995-இல் வந்த முதல் ஆல்பத்தை ஹெட்போனில் போட்டு, பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.