ஒரு நாளைக்கு 50 பக்கம் கணக்கு சரிவராது

தினம் 50 பக்கம் படித்தால் கனமான நாவலும் இரண்டே வாரத்தில் முடியும் என்கிறது ஒரு கட்டுரை. துப்பறியும் கதைக்கு அது சரி. தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ மாதிரி ரஷ்ய நாவலுக்கு மூன்றாம் நாளே மூச்சு முட்டும். 1879 ஜனவரி முதல் 1880 நவம்பர் வரை பத்திரிகையில் தொடராக வந்த நாவல் அது. அன்றைய வாசகர்கள் தவணை தவணையாகத்தான் படித்தார்கள். பக்கத்தை எண்ணாமல் ஒரு நாளைக்கு ஓரிரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவிழ்வது கதையின் சோகத்தால் அல்ல, பெயர்களால். திமித்ரியும் மீத்யாவும் ஒரே ஆள். அலெக்சேய்தான் அல்யோஷா. அக்ராஃபேனா அலெக்சாந்த்ரோவ்னா என்று யாரோ மரியாதையாக அழைப்பது குருஷென்கா என்ற பெண்ணை. ‘ஃபியோதரோவிச்’ என்றால் ஃபியோதரின் மகன். மூன்று அண்ணன் தம்பிக்கும் அது பொது, அதை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஒரு துண்டுச்சீட்டில் முழுப்பெயர், செல்லப்பெயர், உறவு மூன்றையும் எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். இணையத்தில் பெயரைத் தேடினால் கொலையாளி யார் என்பதுதான் முதலில் கண்ணில் படும். பதிப்பின் முன்னுரையும் அப்படியே, கடைசியில் படிக்கலாம்.

அடுத்த முட்டுக்கட்டை ஐந்து, ஆறாம் ‘புத்தகங்கள்’ (நாவலின் உட்பிரிவுகளுக்கு அந்தப் பெயர்). கதை நகராது, ஒரே விவாதம். ஐந்தாவதை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கே சகோதரர்களில் நடுவனான இவான் பேசுவது புரியாவிட்டால் பின்னால் அவன் குலைந்துபோவது வெறும் காய்ச்சல் பிதற்றலாகத்தான் தெரியும். ஆறாவதில் துறவியின் உபதேசங்களை வேகமாகக் கடந்தாலும் பெரிய நஷ்டமில்லை (தீவிர ரசிகர்கள் அடிக்க வருவார்கள்!). தூங்கப் போகும்முன் மட்டும் இந்த நாவலைக் கையில் எடுக்க வேண்டாம்.